சம்பளப் பாக்கியும் நான்கு சர்க்கார்களும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே திரும்பும் லாரி, தடா, நெல்லூர், ஓங்கோல் வழியாகக் குண்டூர்ப் பக்கம் போய்ச் சேர ஒரு பகல் போதும். 1780ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இதே வழியில், தெற்கு நோக்கி, ஒரு படை நடந்து வந்தது. கர்னல் வில்லியம் பெய்லியின் படை அது. குண்டூரிலிருந்து கிளம்பிய மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஆட்கள். ஆகஸ்ட் 24 அன்று கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்ரோவின் சேனையோடு போய்ச் சேர வேண்டும் என்பது உத்தரவு. மறுநாள் கொசஸ்தலை ஆற்றின் வடகரை. ஆற்றில் பெரிதாகத் தண்ணீர் இல்லை. அன்றே இறங்கிக் கடந்திருக்கலாம். பெய்லி வடகரையிலேயே கூடாரம் அடித்தார்.

இரவில் வெள்ளம் வந்தது. பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயிகளிடம் இதைச் சொன்னால் வியக்கமாட்டார்கள். இங்கே ஒரு தூறல்கூட இல்லாதபோதும், மேற்கே நகரி மலைப்பக்கம் பெய்தால் கொசஸ்தலையில் தண்ணீர் இறங்கிவிடும். இன்று பூண்டி ஏரியில் மதகு திறந்தால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகிறது. அன்று எச்சரிக்க யாரும் இல்லை. ஒன்பது பத்து நாள் பெய்லியின் படை வடகரையில் முடங்கிக் கிடந்தது. அந்த நாட்களில் மைசூரின் ஹைதர் அலி, மகன் திப்புவைக் குறுக்கே அனுப்பினார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் மோதல். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் முடிவு. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லியின் படை அழிந்தது. பெய்லி கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போய், 1782இல் அங்கேயே இறந்தார்.

போர் வரலாறு படிப்பவர்கள் வழக்கமாக இங்கே இரண்டு கேள்வி கேட்பார்கள். பெய்லி ஏன் ஆற்றைக் கடக்கவில்லை? மன்ரோ ஏன் உதவிக்கு வரவில்லை? எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது ஒரு கேள்வி. மதராசைக் காக்க வேண்டிய ஒரு படைக்குக் குண்டூரில் என்ன வேலை? அதற்கு விடை தேடினால் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. போய் நிற்கும் இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார்.

அவர் பெயர் தமிழ்நாட்டில் இன்று தினமும் ஒலிக்கிறது. தமிழக வெற்றிக் கழகத்தின் புஸ்ஸி ஆனந்த் பெயரில் முன்னால் நிற்கும் 'புஸ்ஸி', அவர் 2006இல் வென்ற புதுச்சேரி சட்டமன்றத் தொகுதியின் பெயர். தொகுதிக்கு அந்தப் பெயர் புஸ்ஸி வீதியால் வந்தது. வீதிக்கு அந்தப் பெயர் மார்க்கி த புஸ்ஸி என்ற படைத்தலைவரால் வந்தது. சார்ல் ஜோசப் பத்திசியே என்பது முழுப்பெயர். பிரான்சின் சுவாசோன் நகரத்தை ஒட்டிய பகுதியில் பிறந்தவர், பெரிய சொத்துபத்து இல்லாமல், பிழைப்புத் தேடிக் கம்பெனிப் படையில் சேர்ந்து புதுச்சேரிக்கு வந்தார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரி கண்முன் நிற்கும். முசே, சொல்தாது என்று பிரெஞ்சுச் சொற்கள் தமிழுக்குள் புழங்கிய காலம். கவர்னர் துய்ப்ளேக்ஸ், நவாபுகளின் வாரிசுச் சண்டைகளுக்குள் கைவைத்துக்கொண்டிருந்தார்.

புஸ்ஸியின் பெயர் முதலில் பரவியது செஞ்சியில். 1750 செப்டம்பரில், கேப்டன் நிலையில் இருந்த அவர், ஊர்க்கோட்டையின் கதவை வெடிவைத்துத் தகர்த்து, ஒரே இரவில் மலைக்கோட்டைகளையும் பிடித்தார். ஔரங்கசீப்பின் சேனை அதே செஞ்சியை 1690இலிருந்து 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தது என்பதை நினைத்தால் அந்த இரவின் அளவு புரியும். செஞ்சி விழுந்த சேதி தக்காணம் முழுக்கப் பரவியது. ஆனால் புஸ்ஸியை வரலாற்றில் நிறுத்தியது அந்த வெற்றி என்று நான் நினைக்கவில்லை. நல்ல படைத்தலைவர்கள் அன்று நிறைய இருந்தார்கள். வாளை உறையில் போட்டுவிட்டு ஒரு தர்பாரில் ஏழு ஆண்டு உட்கார்ந்து காரியம் பார்த்த ஐரோப்பியத் தளபதி, அவருக்கு முன்னால் இங்கே வேறு யாரும் இல்லை.

1751 ஜனவரியில், துய்ப்ளேக்ஸ் ஆதரித்த புதிய நிஜாம் முசஃபர் ஜங்கை ஹைதராபாத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு புஸ்ஸிக்கு வந்தது. 300 பிரெஞ்சுச் சிப்பாய்கள், 2,000 இந்தியச் சிப்பாய்கள். கடப்பைச் சீமையில், ராயச்சோட்டி அருகே, கூட வந்த பட்டாணிய நவாபுகள் திரும்பித் தாக்கினார்கள். முசஃபர் ஜங் அங்கேயே கொல்லப்பட்டார். புதுச்சேரி போட்ட திட்டம் நடுவழியில் செத்தது. வேறொருவராக இருந்தால் படையைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பார். புஸ்ஸி, பாளையத்திலேயே காவலில் வைக்கப்பட்டிருந்த சலாபத் ஜங் என்ற இன்னொரு இளவரசரை வெளியே கொண்டுவந்து நிஜாமாக்கினார். பிரமுகர்களைச் சம்மதிக்க வைத்தார். முசஃபர் ஜங் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்த வாக்கையெல்லாம் புதியவரும் ஏற்கும்படி பார்த்துக்கொண்டார். புதுச்சேரியிலிருந்து உத்தரவு வரக் காத்திருக்கவில்லை. ராஜதந்திரி புஸ்ஸி பிறந்த இடம் ராயச்சோட்டி. இந்த ஊரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் மறுபடி வரும்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பேஷ்வா பாலாஜி பாஜிராவின் படையோடு மோதினார். 1751 இறுதியில், சந்திர கிரகணத்தன்று மராட்டியர் சடங்குகளில் இருந்தபோது இரவில் போய் விழுந்தார். அதே பேஷ்வாவோடு சமாதானமும் பேசினார். அடிக்கும் கையாலேயே ஓலையும் எழுதினார். நிஜாமின் பிரபுக்கள் அவரை வெறுத்தார்கள். ஆனால் அவரில்லாமல் தர்பாரை நடத்தவும் அவர்களால் முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் திருப்புமுனையாக அமைந்தது ஒரு சம்பளப் பாக்கி. பெரிய பிரெஞ்சு வரலாறுகள் இந்தச் சம்பவத்தைப் புஸ்ஸியின் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

1753 தொடக்கத்தில் புஸ்ஸிக்கு உடம்பு முடியாமல் போய், மசூலிப்பட்டணத்துக் கடற்காற்றுக்குப் போனார். படை ஹைதராபாத்தில் இருந்தது. நிஜாமின் திவான் சையத் லஷ்கர் கான் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். படையை எதிர்த்து ஒரு குண்டுகூடச் சுடவில்லை. சம்பளத்தை நிறுத்தினார். மாதச் சம்பளம் வராத சிப்பாய் கடைக்காரரிடம் கடன் வாங்குவான். கடன் கிடைக்காத நாளில் கொள்ளையடிப்பான். கொள்ளையடித்தால் ஊர் எதிரியாகும். அதுதான் நடந்தது. பணம் கேட்டு வந்த அதிகாரிகளிடம், அந்தந்த ஊருக்குப் போய் வரி வசூலித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் படையைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து நாடு முழுக்கச் சிதறடித்தார். இந்தியாவிலேயே கட்டுப்பாடு மிக்கது என்று பேரெடுத்த படை சில மாதங்களில் உருக்குலைந்தது.

புஸ்ஸி உடல்நலம் தேறித் திரும்பினார். சிதறிய கூட்டங்களை ஒன்றுசேர்த்துக்கொண்டு, நிஜாம் இருந்த ஔரங்காபாத்துக்குப் போனார். அங்கே அவர் கேட்டது பாக்கிப் பணத்தை மட்டும் அல்ல. இனிமேல் யார் கையையும் எதிர்பார்க்காமல் சம்பளம் வர வேண்டும், அதற்கு நிலம் வேண்டும் என்றார். 1753 நவம்பரில் நான்கு சர்க்கார்கள், அதாவது நான்கு மாவட்டங்கள், பிரெஞ்சுக் கைக்கு வந்தன: முஸ்தபாநகர், ஏலூர், ராஜமுந்திரி, சிகாகோல். கொண்டபள்ளி முதல் ஸ்ரீகாகுளம் வரை நீளும் ஆந்திரக் கடலோரம். மசூலிப்பட்டணமும் அதை ஒட்டிய நாடும் முன்பே கிடைத்திருந்தன.

சூத்திரம் எளிமையானது. உன் சிம்மாசனத்தை என் படை காக்கும். படையின் செலவு உன்னுடையது. பணமாகக் கொடுக்க முடியாவிட்டால் நிலமாகக் கொடு. நிலம் போன பிறகு அரசனுக்குத் தன் சொந்தப் படைக்குக் கொடுக்கக் காசு இருக்காது. ஆகவே என் படை இன்னும் அவசியமாகும். புஸ்ஸி இதை ஒரு கொள்கையாக எழுதி வைத்தவர் இல்லை. தன் ஆட்களின் பசியைத் தீர்க்கப் போய் இந்த வழியைக் கண்டார். அதனால்தான் அது அவ்வளவு பலமாக வேர்விட்டது.

கொடுத்தது நிஜாம் என்றாலும், கட்டியது அந்த நான்கு சர்க்கார்களின் குடியானவர்கள். நிஜாமின் காகிதத்தை வரியாக மாற்ற, உள்ளூர் ஜமீன்தார்கள் வேண்டும். விஜயநகரம் ஜமீன்தார் விஜயராமராஜு புஸ்ஸிக்கு வேண்டியவர். பெரிய குத்தகையை எடுத்தவர். அவருக்கும் பொப்பிலி ரங்காராவுக்கும் பரம்பரைப் பகை. 1757 ஜனவரி 24 அன்று பிரெஞ்சுப் பீரங்கிகள் பொப்பிலிக் கோட்டையைச் சுட்டன. மண்சுவர் விழுந்தது, ஆள் விழவில்லை. இனிப் பிழைக்க வழியில்லை என்றானபோது கோட்டைக்குள் இருந்தவர்கள் தங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் தாங்களே கொன்றுவிட்டு, கடைசி ஆள் வரை நின்று செத்தார்கள். உள்ளே நுழைந்த சிப்பாய்கள் உறைந்து நின்றதாக ஆங்கில வரலாற்றாளர் ராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். ஒரு சிறுவன் உயிரோடு கிடைத்தான், ரங்காராவின் மகன். சில நாளில் பொப்பிலி வீரர் தாண்டிர பாப்பாராயுடு இரவில் விஜயராமராஜுவின் கூடாரத்துக்குள் புகுந்து அவரைக் குத்திக் கொன்று பழி தீர்த்தார். தெலுங்கு நாட்டில் பாட்டாகவும் கூத்தாகவும் இது இன்றும் வாழ்கிறது. புஸ்ஸி வாழ்க்கையை எழுதியவர்கள் பலர் பொப்பிலியை உள்ளூர்ப் பகையின் கணக்கில் எழுதி அவரை விடுவிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகை உள்ளூர்க்காரர்களுடையது, பீரங்கி அவருடையது. சம்பளத்துக்காக நிலத்தை வாங்கியவர், அந்த நிலத்தில் வசூலுக்காக நடந்ததற்கும் பொறுப்பாளி.

தர்பாரிலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1756இல் திவான் ஷா நவாஸ் கான் அவரை வேலையிலிருந்து நீக்க வைத்தார். புஸ்ஸி ஹைதராபாத்தின் சார்மஹாலுக்குள் படையோடு அடைந்துகொண்டு, உதவி வரும்வரை தாக்குப்பிடித்து, மறுபடி பழைய இடத்துக்கே வந்தார். 1758 மே மாதத்தில் அவருடைய வலக்கையான ஹைதர் ஜங், நிஜாமின் தம்பி நிஜாம் அலியின் கூடாரத்தில் கொலையுண்டார். அதே சமயம் புதுச்சேரியில் புதிய தளபதி லாலி வந்து இறங்கியிருந்தார். ஆங்கிலேயரை மதராசிலிருந்து துரத்துவது ஒன்றே குறி. நிஜாம் தர்பார் லாலிக்கு வீண் செலவாகத் தோன்றியது. புஸ்ஸியைத் தெற்கே வரச் சொன்னார்.

புஸ்ஸி கீழ்ப்படிந்தார். சர்க்கார்களைக் கான்ஃப்லான் என்ற அனுபவமில்லாத அதிகாரியிடம் விட்டுவிட்டு இறங்கி வந்தார். ஓராண்டு ஆகவில்லை. வங்காளத்திலிருந்து கிளைவ் அனுப்பிய கர்னல் ஃபோர்ட், 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டணத்தைப் பிடித்தார். மே மாதத்தில் சலாபத் ஜங் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து, இனி பிரெஞ்சுக்காரருக்கு இடமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழு ஆண்டு உறவு, ஓராண்டுக்குள் போயிற்று.

லாலி அழைக்காமல் இருந்திருந்தால் இந்தியா பிரான்சுக்குக் கிடைத்திருக்கும் என்று ஒரு கட்சி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாலிசன் அந்த ஏக்கத்தோடு எழுதினார். புதுச்சேரியில் கவர்னராக இருந்த வரலாற்றாளர் அல்ஃப்ரெத் மார்த்தினோ புஸ்ஸிக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். லாலியின் அவசரத்தை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு மனிதர் போனதும் விழுந்துவிடும் ஏற்பாடு, அவர் இருந்திருந்தாலும் எத்தனை நாள் நின்றிருக்கும்? கடலில் கப்பல் பலம் ஆங்கிலேயரிடம் இருந்தது. வங்காளத்தின் வரிப்பணம் 1757க்குப் பிறகு அவர்கள் கையில் இருந்தது. புஸ்ஸியின் பின்னால் இருந்தது, பிரான்சிலேயே ஆதரவு இழந்த ஒரு கம்பெனி. துய்ப்ளேக்ஸையே 1754இல் திருப்பி அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

மதராஸ் முற்றுகையில் லாலியும் புஸ்ஸியும் ஒருவரையொருவர் நம்பவில்லை. 1758 டிசம்பர் 14 அன்று கறுப்பர் பட்டணத்தில் பிரெஞ்சுப் படை கொள்ளையிலும் சாராயத்திலும் மூழ்கியிருந்தபோது, கோட்டையிலிருந்து கர்னல் டிரேப்பர் வெளியே வந்து தாக்கினார். அவர் திரும்பிப் போகும் வழியைப் புஸ்ஸி மறித்திருந்தால் கோட்டை அன்றே விழுந்திருக்கும் என்பது லாலியின் வாதம். தனக்கு உத்தரவு இல்லை, பீரங்கி இல்லை என்பது புஸ்ஸியின் பதில். பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வர, முற்றுகை கலைந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில், சண்டை வேண்டாம், எதிரியின் தானிய வழியை அடைப்போம் என்று சொன்ன புஸ்ஸி, சண்டை தொடங்கிய பின் முன்னால் நின்றார். குதிரை அடிபட்டு விழ, தரையில் நின்று போரிட்டுக் கைதியானார். ஆங்கிலத் தளபதி அயர் கூட் அவரை மரியாதையாக விடுவித்தார்.

அதற்குப் பிறகு பாரிஸ். பெரும் பணக்காரராகப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே போனது. தோல்விக்கு ஒரு கழுத்து தேவைப்பட்டது. 1766 மே 9 அன்று லாலியின் கழுத்து வெட்டப்பட்டது. வழக்கின்போது லாலிக்கு எதிராகப் புஸ்ஸி எழுதிய நீண்ட அறிக்கை அச்சில் வந்தது. லாலிக்கு நீதி கேட்டு வோல்தேர் எழுதினார். 1778இல் தீர்ப்பு ரத்தானது.

புஸ்ஸி மறுபடி வந்தது 1783 மார்ச்சில். பறங்கிப்பேட்டையில் இறங்கும்போது அவருக்கு 65 வயதை ஒட்டியிருக்கும். கீல்வாதம் படுத்தியது. அவர் யாருக்குத் துணையாக வந்தாரோ அந்த ஹைதர் அலி மூன்று மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டார். ஜூன் 13 அன்று கடலூரில் ஆங்கிலேயரோடு கடும் சண்டை. அன்று இரவே படையை மதிலுக்குள் இழுத்துக்கொண்டார். செஞ்சியை ஒரே இரவில் பிடித்தவரைக் கடலூர்க் கோட்டைக்குள் பார்த்த இளம் அதிகாரிகளுக்கு ஏமாற்றம்தான். ஜூன் இறுதியில் ஐரோப்பாவில் சமாதானம் ஆன சேதி வந்தது. 1785 ஜனவரி 7 அன்று புதுச்சேரியில் இறந்தார். அவரிடம் பணியாற்றிய ரேமோன் என்ற அதிகாரி பிறகு ஹைதராபாத் போய் நிஜாமுக்குப் பிரெஞ்சு முறையில் படை கட்டினார். புஸ்ஸியிடம் தொழில் பழகிய இப்ராஹிம் கான் கார்தி, 1761இல் பானிப்பட்டில் மராட்டியர் பீரங்கிப் படையை நடத்தி உயிர்விட்டிருந்தார்.

இப்போது குண்டூருக்கு வருவோம். சர்க்கார்கள் ஆங்கிலேயரிடம் போனபோது குண்டூர் மட்டும் நிஜாமின் தம்பி பசாலத் ஜங்கிடம் நின்றது. புஸ்ஸி அந்தக் குடும்பத்துக்குப் பழக்கிவிட்ட வழக்கப்படி அவரும் ஒரு பிரெஞ்சுப் படையை வைத்திருந்தார். அதன் தலைவர் இன்னொரு லாலி. அந்தப் படையை வெளியேற்ற வேண்டும், குண்டூரைத் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மதராஸ் அரசு 1779இல் பசாலத் ஜங்கோடு ஒப்பந்தம் போட்டது. ஆங்கிலப் படை குண்டூருக்குப் போனது இதற்காக. பெய்லி அங்கே இருந்ததும் இதனால்தான். வெளியேற்றப்பட்ட லாலி ஹைதர் அலியிடம் போய்ச் சேர்ந்தார். ஆக, 1780 செப்டம்பரில் குண்டூர் ஒப்பந்தத்தால் துரத்தப்பட்ட பிரெஞ்சுக்காரரும், அதே ஒப்பந்தத்தைக் காக்கப் போன ஆங்கிலேயரும் புள்ளலூரில் எதிரெதிரே நின்றார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு தீட்டச் செய்த ஓவியத்தில் இருவரும் இருக்கிறார்கள்: பெய்லி பல்லக்கில், லாலி தூரக்கண்ணாடியோடு.

பெய்லி விழுந்தார்; ஆனால் புஸ்ஸியின் சூத்திரத்தை ஆங்கிலேயர் விடவில்லை. 1798 செப்டம்பர் 1 அன்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அதை நிஜாமுக்கே திருப்பிக் கொடுத்தார். ஆறு பட்டாலியன் கம்பெனிப் படை ஹைதராபாத்தில் நிற்கும், செலவு நிஜாமுடையது, ரேமோன் கட்டிய பிரெஞ்சுப் படை கலைக்கப்படும். துணைப்படைத் திட்டம் என்று பள்ளிப் புத்தகம் இதை வெல்லெஸ்லியின் கண்டுபிடிப்பாகச் சொல்கிறது. அது 1753இல் ஔரங்காபாத்தில், சம்பளம் வராத ஒரு பிரெஞ்சுப் படைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டே ஆண்டில் அடுத்த படியும் வந்தது. 1800 அக்டோபரில், படைச் செலவுக்கு ஈடாக, பெல்லாரி, அனந்தபூர், கடப்பை, கர்நூல் சீமைகளை நிஜாம் ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீமைகளுக்கு வரி நிர்ணயிக்கப் போன முதன்மைக் கலெக்டர் தாமஸ் மன்ரோ. 1780இல் பெய்லி கொசஸ்தலைக் கரையில் வெள்ளம் வடியக் காத்திருந்தபோது, அந்தப் போரின் இளம் கேடட்டாக ஆங்கிலச் சேனையில் இருந்தவர். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் சிலையாக நிற்பவர். அவர் பொறுப்பேற்ற ஊர்களில் ஒன்று ராயச்சோட்டி.